2031 மே 21: நாள் தெரிந்தும் கண்ணை இழக்கலாமா?

ஒவ்வொரு சூரிய கிரகணத்துக்குப் பிறகும் வருகிறார்கள். அன்றே வருவதில்லை, நாலைந்து நாள் கழித்து. பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். "படிக்கிற எழுத்து மட்டும் மறையுது டாக்டர், சுத்தி இருக்கிறது தெரியுது" என்பார்கள். அதற்குள் நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், மருந்துக்கடைச் சொட்டு எல்லாம் கண்ணுக்குள் போயிருக்கும்.

அடுத்த வளையம்

2031 மே 21, புதன்கிழமை. ஆப்பிரிக்காவில் தொடங்கும் கங்கண சூரிய கிரகணம் கொச்சி, கோட்டயம், தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியே கடந்து இந்தோனேசியா வரை போகிறது. 2013 மே 10 அன்று ஆஸ்திரேலியாவில் தெரிந்த கிரகணத்துக்கு சம இடைவெளியில் திரும்பி வரும் வரிசையில் அடுத்தது இது. 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேர இடைவெளி. 2019 டிசம்பர் 26 கிரகணம் மார்கழிக் காலையில் வந்தது. இதுவோ கத்திரி வெயிலில், மதுரைப் பக்கம் பகல் ஒரு மணியை ஒட்டி உச்சம் தொடும். கோடை விடுமுறை வேறு. பிள்ளைகள் தெருவில்தான் இருப்பார்கள்.

"மறைஞ்சிருச்சே, பார்த்தா என்ன?"

கங்கண கிரகணத்தில் நிலா தொலைவில் இருப்பதால் சூரியனை முழுதாக மூடாது. 2031இல் உச்சத்திலும் சுமார் 8 விழுக்காடு வட்டம் எரிந்துகொண்டிருக்கும். அந்த விளிம்பே விழித்திரையைச் சுட்டுவிடும். வெளிச்சம் மங்கியதும் கூச்சம் குறைகிறது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. வலிக்காததால்தான் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். முழு கிரகணத்தில் சில நிமிடம் வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டதை இதற்குப் பொருத்தாதீர்கள். இதில் அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது.

கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, சிடி எதுவும் வேண்டாம். கூசாமல் செய்யுமே தவிர, கண்ணுக்குத் தெரியாத கதிர்களைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. சாணி கரைத்த தண்ணீரில் தெரியும் சூரியனையும் வெறித்துப் பார்க்கக் கூடாது.

கிரகணத்தன்று சூரியனிலிருந்து புதிய கதிர் எதுவும் கிளம்புவதில்லை. பிறக்கும் குழந்தையின் உதட்டுப் பிளவுக்கும் கிரகணத்துக்கும் தொடர்பே இல்லை. கர்ப்பிணியை மே மாதப் புழுக்கத்தில் சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் கதவடைத்து வைப்பதுதான் ஆபத்து. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிரகணம் விடும்வரை பட்டினி கிடப்பதும் அப்படித்தான். கிரகண வழக்கப்படி உலக்கையைத் தட்டில் நிறுத்துவதில் கேடில்லை, நிறுத்திக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து வேண்டாம்

சூரிய ஒளி சுட்ட விழித்திரையை ஆற்றும் சொட்டு மருந்தே கிடையாது. கடையில் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருந்து, அதைத் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். எத்தனை முறை சொல்வது! இலைச்சாறும் தாய்ப்பாலும் கிருமியைத்தான் கொண்டுவரும். பார்த்த சில மணி நேரத்திலோ மறுநாளோ நடுப்பார்வை மங்கினால், கோடு வளைந்து தெரிந்தால், அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். பலருக்குச் சில மாதங்களில் ஓரளவு தேறும். சிலருக்கு நடுப்பார்வையில் அந்த மங்கல் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

பரிசோதனை: பார்வை அளவு, விழித்திரை ஓ.சி.டி. ஸ்கேன்.

தயவுசெய்து

ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுள்ள சூரியக் கண்ணாடி, அல்லது 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி வழியே மட்டும் பாருங்கள். கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அதை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்க்காதீர்கள். எதுவும் கிடைக்காவிட்டால் வேப்பமரத்தடிக்குப் போங்கள். இலை இடுக்குகளின் வழியே நூற்றுக்கணக்கான வளையங்கள் தரையில் விழும். சூரியனுக்கு முதுகு காட்டி ஆசை தீரப் பார்க்கலாம். பெற்றோரே, சிறுவர் கண்ணின் லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது, ஒளியைக் கூடுதலாக உள்ளே விடும். அன்று பகல் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள், கூடவே நில்லுங்கள்.