துப்பாக்கி லைசென்ஸ்: ஃபைல் ஏன் ஸ்டேஷன்ல நிக்குது?

இன்னைக்கு கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், சின்னமனூர் பக்கம் ஒருபுறம் பன்னீர் திராட்சைப் பந்தலும் வாழையும். இன்னொருபுறம் மேகமலைக் காடு, 2021ல இருந்து அது புலிகள் காப்பகம். ராத்திரியானா தோட்டத்துல காட்டுப்பன்னி இறங்கும். பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வேணும்னு ஒருத்தர் விண்ணப்பம் போட்டா, அந்த ஃபைலுக்கு என்ன ஆகுது?

1959 ஆயுதச் சட்டப்படி தேனி மாதிரி மாவட்டத்துல லைசென்ஸ் கொடுக்கறது கலெக்டர். ஆனா 13வது பிரிவின்படி அவர் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன்கிட்ட ரிப்போர்ட் கேட்கணும். 2016 ஆயுத விதிகள் அதுக்கு 30 நாள் கொடுக்குது. ரிப்போர்ட் வந்த பிறகு கலெக்டர் முடிவெடுக்க 60 நாள். நடைமுறையில ஃபைல் எஸ்.பி. ஆபீஸ், டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர்னு இறங்கி, அதே படியில திரும்ப ஏறணும். வருவாய்த்துறை பக்கம் ஆர்.டி.ஓ. ரிப்போர்ட் தனி. ஐடி ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, எஸ்எல்ஏ எழுதியாச்சு, டீமுக்குத்தான் ஆள் போடலை.

அந்த வேலை சும்மா கையெழுத்து கிடையாது. ஆள் மேல கேஸ் இருக்கா, வரப்புத் தகராறு இருக்கா, குடிச்சுட்டு வீட்டுல அடிதடியா, துப்பாக்கியைப் பூட்டி வைக்க இடம் இருக்கா, நிலம் நிஜமாவே காட்டோரமா? நேர்ல போய் நாலு பேர்கிட்ட விசாரிச்சாதான் தெரியும். போறவர் யாரு? திருவிழா பந்தோபஸ்து, விபத்து, கோர்ட் வேலை எல்லாம் பார்க்கற அதே போலீஸ்காரர். தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிகளை வாங்கி வச்சுப் பாதுகாக்கறதும் ஸ்டேஷன் வேலைதான்.

இப்போ காசு. விண்ணப்பதாரர் கட்டற கட்டணம் அரசுக் கருவூலத்துக்குப் போகுது, விசாரிச்ச ஸ்டேஷனுக்கு அதுல இருந்து பெட்ரோல் காசுகூட நேரா வராது. பிரிட்டன்லயும் கட்டணம் ரொம்ப நாள் செலவைவிடக் குறைவாத்தான் இருந்தது. 2025 பிப்ரவரியில புது ஷாட்கன் சான்றிதழ் கட்டணத்தை 79.50 பவுண்டுல இருந்து 194 பவுண்டா ஏத்தினாங்க. போலீஸ் செலவு முழுசா திரும்ப வரணும்ங்கறதுதான் காரணம். நம்ம ஊருல அப்படியே காப்பியடிச்சா ரெண்டு ஏக்கர் விவசாயி தாங்க மாட்டார். பயிர்க் காவல் விசாரணைக்கு அரசே தனியா பணம் ஒதுக்கணும்னு நான் நினைக்கறேன்.

சட்டத்துல ஒரு குறுக்கு வழி உண்டு. 30 நாள்ல ரிப்போர்ட் வரலைன்னா, கலெக்டர் அது இல்லாமலே முடிவெடுக்கலாம். கேட்க நல்லாருக்கு. ஆனா 2021 ஆகஸ்ட்ல இங்கிலாந்தோட பிளிமத் நகரத்துல ஒரு லைசென்ஸ்காரர் 5 பேரைச் சுட்டுக் கொன்னார். அடிதடி விஷயத்துல பறிமுதல் பண்ணின துப்பாக்கியைப் போலீஸ் அதுக்கு முந்தின மாசம்தான் திருப்பிக் கொடுத்திருந்தது. அந்தப் பிரிவு ஆட்களுக்கு முறையான பயிற்சி இல்லைன்னு 2023 விசாரணையில வெளிவந்துச்சு. அவசரமா தள்ளிவிடற ஃபைலும் தூங்கற ஃபைல் அளவுக்கு ஆபத்துதான்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம், லைசென்ஸ் கிடைச்சாலும் பன்னியைச் சுட முடியாது. காட்டுப்பன்னி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு. வெடிச்சு விரட்டலாம், அவ்ளோதான். 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியைச் சுடலாம்னு அறிவிச்சது. ஆனா சுடறது வனத்துறை. மலைக்கு அந்தப்பக்கம், குமுளியில இருந்து கேரளா. அங்க 2022ல இருந்து உள்ளாட்சித் தலைவரே உத்தரவு போட்டு, லைசென்ஸ் துப்பாக்கிக்காரரை வச்சுச் சுட வைக்கலாம். அதாவது அங்க லைசென்ஸ் வச்சிருக்கவர் அரசுக்கே தேவைப்படற ஆள்.

இங்க காத்திருக்க முடியாதவர் கள்ள நாட்டுத் துப்பாக்கிக்கோ கரண்ட் வேலிக்கோ போறார். கரண்ட் வேலிக்குப் பன்னியா, பக்கத்துத் தோட்டக்காரரான்னு தெரியாது.

விண்ணப்பம் போட்டு மாசக்கணக்காச்சுன்னா தகவல் உரிமைச் சட்டத்துல ரெண்டே கேள்வி கேளுங்க: என் ஃபைல் ஸ்டேஷனுக்கு எந்தத் தேதி போச்சு, எந்தத் தேதி திரும்பி வந்துச்சு? கலெக்டர் ஆபீஸுக்கு ஒண்ணு, எஸ்.பி. ஆபீஸுக்கு ஒண்ணு அனுப்புங்க. தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சாலே ஃபைல் எந்த மேஜையில தூங்குதுன்னு தெரிஞ்சுரும்.