துபையில் வாடகை வீடா? ஈஜாரியை மறவாதீர்கள்!

குடும்பத்தை துபைக்கு அழைக்கும் அவசரத்தில் சகோதரர்கள் பலர் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் ஒப்பந்தத்தைக் கேட்கிறார்கள். வீட்டைக் காட்டுபவர் உரிமையாளரா, அவரிடம் அதிகாரம் பெற்றவரா என்பதை முதலில் பாருங்கள். காசோலையைத் தரகர் பெயரில் எழுதாதீர்கள்; ஒப்பந்தத்திலுள்ள உரிமையாளர் பெயருக்கே எழுதுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தை 'ஈஜாரி'யில் பதிவது கட்டாயம். மின் இணைப்புக்கும் குடும்ப விசாவுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

வீட்டை விற்கவோ, தானே குடியேறவோ உங்களைக் காலி செய்யச் சொன்னால், உரிமையாளர் 12 மாதங்களுக்கு முன்பே நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ அறிவிக்க வேண்டும். வாடகையை உயர்த்துவதென்றால் ஒப்பந்தம் முடிய 90 நாட்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். வெறும் வாட்ஸ்அப் செய்திக்குப் பயந்து வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்கிறது அல்குர்ஆன் (2:282). தெரிந்தவர், ஊர்க்காரர் என்றாலும் எழுத்தில் இருக்கட்டும்; உறவும் கெடாது, இன்ஷா அல்லாஹ்.