மருந்துப் புட்டியில் புதுத் தேதி! ஒட்டலாமா, கூடாதா?

ஜவ்வாது மலையில் சாமை நன்றாக விளையும். உமியோடு சேர்த்து வைத்த சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது. குத்தி அரிசி ஆக்கிவிட்டால், சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். வீட்டில் இருக்கும் பாட்டி ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாலே போதும். நல்லதா, கெட்டதா என்று சொல்லிவிடுவாள்.

ஊசி மருந்தை அப்படி முகர்ந்து பார்க்க முடியுமா? முடியாது. அதனால்தான் புட்டியின் மேல் தேதி போடுகிறார்கள்.

அந்தத் தேதியையே மாற்றி ஒட்டினால்?

பரவிய வதந்தி

2022 ஜனவரி 3-ந் தேதி, 15 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு கொரோனா தடுப்பு ஊசி போடும் வேலை நாடெங்கும் தொடங்கியது. போட்ட மருந்து "கோவாக்சின்". காலாவதியான மருந்தைப் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. பெற்றோர் பயந்தார்கள். "அது தவறான செய்தி" என்று மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது.

நடந்தது என்ன?

ஐதராபாத்தில் உள்ள பாரத் பயோடெக் கம்பெனி தயாரித்த மருந்து அது. அதன் ஆயுளை 9 மாதத்தில் இருந்து 12 மாதமாக உயர்த்த, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 அக்டோபரில் அனுமதி கொடுத்தது. கையிருப்பில் இருந்த புட்டிகளில் புதுத் தேதி ஒட்டப்பட்டது. "கோவிஷீல்டு" மருந்துக்கும் 2021 பிப்ரவரியில் 6 மாதம் 9 மாதம் ஆயிற்று.

ஆயுள் எப்படிக் கூடும்?

தயாரித்த மருந்தில் கொஞ்சத்தைக் கம்பெனி எடுத்து வைத்துக்கொள்ளும். குறித்த காலத்துக்கு ஒரு முறை சோதிக்கும். வீரியம் குறைந்ததா? கிருமி புகுந்ததா? புது மருந்துக்கு நீண்ட நாள் சோதனை முடிந்திராது. ஆகவே முதலில் குறைந்த ஆயுளே கொடுப்பார்கள். சோதனை தொடர்ந்து, மருந்து நன்றாக இருப்பது தெரிந்தால், ஆயுளை நீட்டிக் கேட்பார்கள்.

ஆனால் ஒன்று. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்த புட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

குப்பையில் பொறுக்கிய மருந்து

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2010 மார்ச் மாதம் சென்னையில் ஒரு கும்பல் பிடிபட்டது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் கொட்டிய காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, தேதியை மாற்றி, கடைகளுக்கு விற்றார்கள்! தமிழகமே அதிர்ந்தது.

இரண்டிலும் தேதி மாறியது. ஒன்றில் சோதனையும் அனுமதியும் இருந்தன. மற்றதில் திருட்டுத்தான் இருந்தது. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 104-ஏ விதி இதைத்தான் சொல்கிறது. கம்பெனி ஒட்டிய சீட்டை யாரும் அழிக்கவோ திருத்தவோ கூடாது. உரிமம் தரும் அதிகாரி சொன்னால் மட்டுமே மாற்றலாம்.

நாம் செய்ய வேண்டியது

வீட்டில் தேதி முடிந்த மருந்து இருந்தால், "ஆயுள் நீண்டிருக்கும்" என்று நாமே முடிவு செய்யக்கூடாது. ஊசிக்குழாய், கையுறை, கட்டுத்துணி ஆகியவை கிருமி நீக்கி உறையில் வருகின்றன. சாமைக்கு உமி போல அவற்றுக்கு உறை. உறை கிழிந்தாலும், நனைந்தாலும், தேதி பாக்கி இருந்தாலும் வாங்காதீர்கள்.

மருந்துச் சீட்டின் மேல் சீட்டு ஒட்டியிருந்தால், "இது யார் அனுமதி?" என்று நர்சம்மாவைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. ஜமுனாமரத்தூர் பக்கத்துக் குக்கிராமத்தில் இருந்து மலைப்பாதையில் நடந்து வந்த தாய், வதந்தியை நம்பிப் பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போனால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். எதையும் பார்க்காமல் கையை நீட்டினாலும் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

தேதியைப் படியுங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்!