மின்காந்த இணக்கச் சோதனைக்கான முன்னேற்பாடு

மின்காந்த இணக்கச் சோதனை என்பது ஒரு மின்னணுக் கருவி பிற கருவிகளுக்கு இடையூறு விளைவிக்காமலும், வெளியிலிருந்து வரும் இடையூறுகளைத் தாங்கியும் இயங்குகிறதா என்று ஆய்வகத்தில் அளந்தறிவது ஆகும். இச்சோதனையைச் செய்யும் நிறுவனங்களுள் ஒன்று சென்னை தரமணியில் உள்ள சமீர் மையம். சமீர், 1984 இல் மும்பையில் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் ஆய்வு நிறுவனம் ஆகும். விழுப்புரத்தில் உருவாகும் ஒரு கருவியை அங்கு கொண்டுசெல்ல ஏறத்தாழ 160 கி.மீ. பயணம் செய்யவேண்டும். ஒரு வடம் விடுபட்டாலும் அந்நாள் வீணாகலாம்.

சோதனை வகைகள்

1. உமிழ்வு: மின்கம்பி வழியே வெளியேறும் இரைச்சல் பொதுவாக 150 கிலோ ஏர்ட்சு முதல் 30 மெகா ஏர்ட்சு வரையும், வெளியில் பரவும் இரைச்சல் 30 மெகா ஏர்ட்சுக்கு மேலும் அளக்கப்படுகின்றன.
2. தாங்குதிறன்: நிலைமின் பொறி, மின்னழுத்த எழுச்சி, வானொலி அலை முதலியன கருவியின்மீது செலுத்தப்படுகின்றன. நிலைமின் பொறிக்கான முறையை ஐ.ஈ.சி. 61000-4-2 நியமம் வரையறுக்கிறது.

முன்னேற்பாடு

கிணற்று மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வடங்கள்: நீர்மட்ட உணரியின் வடத்தை உண்மையான நீளத்திலேயே இணைக்கவேண்டும். 30 மெகா ஏர்ட்சு அலையின் நீளம் 10 மீட்டர். ஆகவே சில மீட்டர் வடமே அதற்கு அலைவாங்கியாகிவிடும். வடமின்றிப் பெறும் நல்ல முடிவு பயனற்றது.

இயங்குநிலை: ரிலே மாறி மாறி இயங்குமாறு மென்பொருளை அமைக்கவேண்டும். கருவி எத்தனை முறை மீளத்தொடங்கியது என்பதையும் அது பதியவேண்டும். இல்லையெனில், நொடிப்பொழுதில் நிகழும் மீள்தொடக்கம் கண்ணில் படாது.

தோல்வியின் வரையறை: இதனைச் சோதனைக்கு முன்பே எழுதிவைத்தல் இன்றியமையாதது. நியமங்கள் பொதுவாக மூன்று தரங்களைக் கூறுகின்றன. இடையூறின்போதும் சரியாக இயங்குவது 'ஏ'. தற்காலிகமாகப் பிறழ்ந்து தானே மீள்வது 'பி'. ஒருவர் தலையிட்டு மீட்கவேண்டியது 'சி'. மின்விளக்கு ஒருகணம் சிமிட்டினால் 'பி' போதுமானது. ஆனால் ஒரு பொறியால் மோட்டார் தானாகவே ஓடத்தொடங்கினால், கிணற்றில் வேலைசெய்பவரின் உயிருக்கே ஆபத்து. அது மறுகணமே நின்றாலும் தோல்வியே.

உடன் எடுத்துச்செல்ல வேண்டியவை: மாற்றுக் கருவி, உருகிகள், ஃபெரைட் வளையங்கள், சுற்றுப்படம், மென்பொருளை மாற்ற உதவும் கணினி.

முடிவின் எல்லை

சோதனை அறிக்கை, அன்று சோதிக்கப்பட்ட மாதிரிக்கும் அமைப்புக்கும் மட்டுமே உரியது. பின்னர் விலைகுறைந்த மின்வழங்கி ஒன்றைப் பொருத்தினால் பழைய முடிவை அப்படியே நம்பமுடியாது. எனவே மென்பொருளின் பதிப்பு எண், உறுப்புகளின் பட்டியல், வட அமைப்பின் ஒளிப்படம் ஆகியவற்றை அறிக்கையுடன் பேணவேண்டும்.