ஆயுள் தலையெழுத்து மட்டுமா?

"ஆயுசு கெட்டி" என்றும் "விதி முடிந்தது" என்றும் நாம் பேசுவது வழக்கம். ஆனால் ஒருவர் எத்தனை ஆண்டுகள் வாழ்வார் என்பதில் அவர் குடியிருக்கும் இடத்துக்கும், குடிக்கும் தண்ணீருக்கும், வாங்கும் சம்பளத்துக்கும் பெரும் பங்கு உண்டு. இதற்குச் சான்று தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. தோட்டப்புற மக்களாகிய நம் வரலாறே போதும்.

நம் முன்னோர் காடழித்துக் கித்தா மரம் நட்ட காலத்தில், மலேரியாக் காய்ச்சல் எத்தனையோ உயிர்களைக் குடித்தது. அதைப் பரப்பும் ஒரு வகைக் கொசு, வெயில் படும் தெளிந்த மலையோடைகளில் முட்டையிடும். மரங்களை வெட்டியதும் நிழலில் கிடந்த ஓடைகளில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடிக்கச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் விட்டும், நீரின் மேல் எண்ணெய் தெளித்தும் கொசுவை அடக்கினார்கள். மாறியது தொழிலாளியின் தலையெழுத்தா? இல்லை, அவன் வீட்டருகே ஓடிய வாய்க்கால்தான்!

1957-இல் மலாயாவில் ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் 56 ஆண்டுகள்; பெண்களுக்கு 58. இன்று மலேசியாவில் அது ஏறக்குறைய 73, 78 என உயர்ந்துள்ளது. குழாய்த் தண்ணீர், தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம் ஆகியவை தந்த வரம் இது.

இந்த வரம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. இந்தியாவில் 2014-18 கணக்குப்படி கேரளத்தில் சராசரி ஆயுள் சுமார் 75. சத்தீஸ்கரில் சுமார் 65. ஒரே நாட்டில் பத்தாண்டு வேறுபாடு! தாய்மாரின் கல்வியும் அருகிலுள்ள மருத்துவ வசதியும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

நம் நாட்டிலும் மூன்று பெரிய இனங்களில் இந்திய ஆண்களின் ஆயுளே குறைவு. 2019 தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே அது சுமார் 31. அன்று விடியற்காலையில் மரம் சீவ நடந்த கால்கள் இன்று நடப்பதில்லை. வெள்ளைச் சோறும் கெட்டிப்பால் தேநீரும் மட்டும் குறையவில்லை. நோய் முற்றிய பிறகே பலர் மருத்துவரைப் பார்க்கிறார்கள்.

அன்பர்களே! முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். அன்னதானம் வழங்குவோர் பாயசத்தில் சீனியைக் குறைத்து, காய்கறியைக் கூட்டுங்கள். மலேரியாவை வென்ற சமுதாயம் சர்க்கரையிடம் தோற்கலாமா?