கியர் சைக்கிள் வாங்கப் போறீங்களா? ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்!

அன்னூர்,

பெயர் மலை சைக்கிள். ஓடப் போவதோ சத்தி ரோட்டிலும், தோட்டத்து இட்டேரியிலும்! பளபள பெயிண்டையும் "21 கியர்" ஸ்டிக்கரையும் நம்பிப் பணத்தைக் கொட்டினால், அது திண்ணையில்தான் சாய்ந்து கிடக்கும்.

கோவை-சத்தி ரோடும், மேட்டுப்பாளையம்-அவினாசி ரோடும் சந்திக்கும் ஊர் அன்னூர். லாரியும் பஸ்சும் பறக்கின்றன. அதில் முதல் சைக்கிளோடு இறங்கும் மாணவனின் உயிர் கியரில் இல்லை, பிரேக்கில் இருக்கிறது.

உயரம் முக்கியம்

சைக்கிளின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால், மேல் பாருக்கு மேலே 2 அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கினால் போதும். "வளர்ற பையன்தானே" என்று பெரிய சைக்கிள் வாங்குவது ஆபத்து.

ஸ்பிரிங் மோகம்

குறைந்த விலை சைக்கிளில் பின்பக்க ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம். எடை கூடும், மிதிக்கும் பலத்தை விழுங்கும். 21 கியர் என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. தினசரி ஓட்டத்துக்கு முன்னால் ஒன்றே போதும். பிளஸ்-1 மாணவர்களுக்கு அரசு தரும் இலவச சைக்கிளில் கியரே கிடையாது. பள்ளிக்கூடம் போய்ச் சேர்கிறதே!

எதை முதலில் மாற்றுவது?

மலை சைக்கிள் பிறந்ததே பழைய சைக்கிளில்தான். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா வாலிபர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிளுக்கு மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரும், கியரும் மாட்டி மலையில் இறக்கினார்கள். ஆகவே, வாங்கியதோடு வேலை முடியவில்லை.

முதலில் பிரேக் கட்டை. அடுத்தது டயர். முரட்டுப் பட்டன் டயர் தார் ரோட்டில் இழுக்கும். நடுப்பகுதி வழவழப்பான டயர் போட்டால் மிதிப்பது சுலபம். இட்டேரியில் கருவேல முள் குத்தும் என்றால், டயருக்கும் டியூபுக்கும் நடுவே முள் தடுப்புப் பட்டை வையுங்கள். மூன்றாவது சீட்.

7 பல்சக்கரத்தை 9 ஆக்குவது கடைசி. செயின், கியர் லீவரோடு, பல சைக்கிள்களில் பின்சக்கர ஹப்பும் மாற வேண்டிவரும். அந்தப் பணத்தை அடுத்த சைக்கிளுக்குச் சேர்ப்பதே லாபம்.

சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 22-9-2025 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்தது. பில் கேட்டு வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் ஹெல்மெட்டும், பின்பக்க சிவப்பு விளக்கும் வாங்கலாம். இருட்டில் லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரிவது அந்த விளக்குதான்; ஸ்டிக்கர் அல்ல!