நிற்கும் கார் ஏன் கெடுகிறது?

ஓடாமல் ஷெட்டில் நிற்கும் காருக்குத் தேய்மானம் கிடையாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சக்கரம் சுழலவில்லை, பிஸ்டன் அசையவில்லை. பிறகு எது தேயும்? ஆனால் ஆறு மாதம் நின்ற பழைய காரை வெளியே எடுக்க முயன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். செல்ப் எடுக்காது; எடுத்தாலும் பெட்ரோல் ஏறாது; ஏறினாலும் பிரேக் பிடித்த பிடியை விடாது.

எங்கள் வீட்டில் இருப்பது 1977-ஆம் ஆண்டு அம்பாசிடர். அப்பா வாங்கியது. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 முதல் 2014 வரை தயாரித்த கார் இது. அமைப்பு எளியது. பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். இன்றைய கார்களில் இருப்பதுபோல் கணிப்பொறி கிடையாது. எனவே வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க இதைவிட ஏற்ற கார் அரிது. ஆனால் நாங்கள் இருப்பது தூத்துக்குடி. உப்புக் காற்று வீசும் ஊர். நிற்கும் கார் எப்படிக் கெடும் என்பதை இந்த ஊர் எனக்குப் பொறுமையாகக் கற்றுக் கொடுத்தது.

முதலில் துருவை எடுத்துக்கொள்வோம். ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஒரு நீர்த்துளி நிற்கிறது. துளியின் ஓரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் கரைகிறது. நடுவில் அது குறைவு. இந்த வேறுபாடே போதும், அந்தத் துளி ஒரு குட்டி மின்கலமாகிவிடுகிறது. நடுப்பகுதியில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகிறது. ஓரத்தில் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து அந்த எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கின்றன. கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகப் படிகிறது. நீரில் உப்பு கலந்திருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும், துருவும் விரைவாகும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பருமனில் பன்மடங்கு பெரியது. எனவே அது பெயிண்டை உப்பச் செய்து, உடைத்து, புதிய இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். துரு தொடங்குவது பளபளக்கும் மேற்பகுதியில் அன்று. ஈரம் தங்கி, காற்றுக் குறைவாகப் புகும் இடுக்குகளில். மட்கார்டின் உட்புறம் ஒட்டிய சேறு, மிதியடிக்குக் கீழுள்ள தரைத்தகடு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம் ஆகியவையே அந்த இடங்கள். கதவின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. பட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பவர்கள் அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள்! ஒரு குச்சியால் அவற்றைக் குத்தித் திறந்துவிடுவது, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுக் கதவு தேடுவதைவிட மேல். பிளாஸ்டிக் தார்ப்பாயால் காரை மூடுவதும் தவறு. பகலில் ஆவியாகும் ஈரம் வெளியேற வழியின்றி, இரவில் காரின் மேலேயே வியர்வையாகப் படியும். பருத்தித் துணியாலான உறையே நல்லது.

இனி, பலரும் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தீங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரை ஓட்டாதவர்கள் வாரம் ஒருமுறை எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். எஞ்சினுக்குள் நடப்பது என்ன? பெட்ரோல் என்பது ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த பொருள். எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் பிறக்கிறது என்றால் நம்புவீர்களா? சூடான எஞ்சினில் அது நீராவியாக வெளியேறிவிடும். குளிர்ந்த எஞ்சினிலோ சைலன்சரின் சுவரில் நீராகப் படிகிறது. பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலிலும் கலக்கிறது. எரிதலில் தோன்றும் அமிலங்களும் அதோடு சேர்கின்றன. ஐந்து நிமிடத்தில் இந்த நீர் ஆவியாகாது. ஒவ்வொரு வாரமும் சிறிது நீரை எஞ்சினுக்குள் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்துகிறோம், அவ்வளவுதான்! எங்கள் காரின் சைலன்சர் உள்ளிருந்தே அரித்து ஓட்டையானது இப்படித்தான்.

பாட்டரிக்கும் அதனால் நன்மையில்லை. செல்ப் இழுக்கும் மின்சாரத்தை ஐந்து நிமிடத்தில் திருப்பித் தர முடியாது. பல பழைய கார்களில் இருக்கும் டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்சாரம் தருவதே அபூர்வம். ஈயப் பாட்டரி மின்சாரத்தை இழக்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் உண்டாகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது மீண்டும் ஈயமாகவும் ஈய ஆக்ஸைடாகவும் மாறிவிடும். நாள்கணக்கில் விட்டுவிட்டால், சிறு படிகங்கள் பெரிய படிகங்களாக இறுகிப் பிறகு கரைய மறுக்கின்றன. நல்ல நிலையிலுள்ள பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜருக்கு அனுப்புங்கள்.

பெட்ரோலும் பழையதாகும். அதில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். எஞ்சியது ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாகி, கார்புரேட்டரின் ஊசித்துளை போன்ற ஜெட்டை அடைக்கும். அக்காலத்தில் இந்த அளவோடு தொல்லை முடிந்தது. இன்று பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2025-இல் நம் நாட்டில் அதன் அளவு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் நீரை விரும்பி ஈர்க்கும். பழைய வகை ரப்பரை ஊறச் செய்து உப்பவோ வெடிக்கவோ வைக்கும். டாங்கில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியில் நிறுத்தும். இன்னொன்று: பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். கணிப்பொறி உள்ள புதிய கார் இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு ஏது? அது பழைய அளவையே கொடுக்க, கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும். பெட்ரோல் குழாய்களையும் பம்பின் டயாப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு மாற்றுவதும், தேவையானால் ஒரு படி பெரிய ஜெட் போடுவதும் இன்றைய கட்டாயம். இரண்டு மூன்று மாதம் நிற்கப்போகும் கார் என்றால் கார்புரேட்டரைக் காலிசெய்துவிட வேண்டும்.

முன்பு பெட்ரோலில் ஈயச் சேர்மம் இருந்தது. எரியும்போது அது வால்வு அமரும் இடத்தில் மெல்லிய பூச்சாகப் படிந்து, வால்வைக் காத்தது. மனிதருக்கு நஞ்சு என்பதால் 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. நல்ல காரியம். ஆனால் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்களில், அதிவேகத்தில் நெடுந்தொலைவு ஓட்டினால் வால்வின் அமர்விடம் தேயக்கூடும். எஞ்சினைப் பிரிக்கும் வாய்ப்பு வரும்போது கடினமான உலோக வளையம் பதித்துக்கொள்ளலாம். அதற்காகவே பிரிக்க வேண்டாம்.

இதுவரை சொன்னவை பணத்துக்குத்தான் கேடு. பிரேக் அப்படியன்று.

சில ஆண்டுகளுக்குமுன் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் பாதி வந்ததும் பிரேக் பெடல் பஞ்சுபோல் ஆயிற்று. அடுத்த வளைவில் தரைவரை போய்விட்டது. இரண்டாவது கியரிலேயே இருந்ததாலும், கைபிரேக் தனிக் கம்பியால் இயங்குவதாலும் மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்த முடிந்தது. பின் இருக்கையில் அம்மாவும் குழந்தைகளும் நடந்தது என்னவென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி கழித்து மிதித்துப் பார்த்தேன். பெடல் பழையபடி கெட்டியாக நின்றது!

பேய் வேலை அன்று, இயற்பியல்தான். ஆட்களோடு ஏறத்தாழ 1,400 கிலோ எடையுள்ள கார் 1,500 மீட்டர் உயரம் இறங்கும்போது விடும் ஆற்றல், எழுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் பெரும்பகுதி பிரேக் டிரம்களில் வெப்பமாகிறது. நாம் பிரேக் ஆயில் என்று சொல்வது உண்மையில் எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைத் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கார் நின்றாலும் ஓடினாலும் அது நிற்காது. டாட் 3 தரமுள்ள புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடும். அன்று வீல் சிலிண்டரில் திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றின. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். என் கால் தந்த அழுத்தம் முழுவதும் குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாயிற்று. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாயிற்று. ஊருக்கு வந்து திறந்து பார்த்தபோது அது தேநீர் நிறத்தில் இருந்தது. கார் ஓடியது குறைவு என்பதால் ஆறு ஆண்டுகளாக மாற்றாமல் விட்டிருந்தேன். கிலோமீட்டரைப் பார்த்து மாற்ற வேண்டிய பொருள் அன்று அது; நாட்காட்டியைப் பார்த்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது.

டயருக்கும் நாட்காட்டிதான் கணக்கு. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ தேயாவிட்டாலும் காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும். ரேடியேட்டரில் கிணற்று நீரை ஊற்றாதீர்கள், சுண்ணாம்பு படியும். எலிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத கார்களைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. எங்கள் காருக்கு 2027-இல் அந்த வயது வரும். பதிவு செய்வதா, இப்போதுபோல் ஓட்டிக்கொண்டிருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போது ஐந்து நிமிட வழக்கத்தை விட்டுவிட்டேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஞாயிறு விடியற்காலையில் திருச்செந்தூர் சாலையில் இருபது கிலோமீட்டர் போய்த் திரும்புகிறேன். புறப்படும்போது சைலன்சரின் முனையில் நீர் சொட்டும். வீடு திரும்பும்போது விரலை அருகில் கொண்டுபோனால் சூடான, உலர்ந்த காற்று மட்டுமே வரும்.